கொயில் எரியவில்லை: லண்டன் 746 ஒன்றை வெள்ளவத்தையில் கதைக்க வைத்த விபரம்

கருவி பிரித்தானிய 700 வரிசையைச் சேர்ந்த பழைய தொலைபேசி, மாதிரி 746. யானைத்தந்த நிறம், மேசையில் வைக்கும் வகை, இலக்கம் 21 என்ற வகைச் சுழல்டயல். இந்த வரிசையில் 706 என்ற கருவி 1959இலும் 746 1967இலும் வந்தன. இரண்டையும் பிரித்தறிய அடிப்பகுதியைப் புரட்டத் தேவையில்லை. ரிசீவர் இருக்கும் தொட்டிலுக்குக் கீழே விரல் விட்டுத் தூக்குவதற்கு ஒரு குழி இருந்தால் அது 746.

இது லண்டனில் இருந்து உறவினர் வழியாக வந்தது. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க அடுக்குமாடி வீடு ஒன்றின் யன்னலோரத்தில் பல வருடங்களாக அலங்காரப் பொருளாக இருந்தது. வீட்டுக்காரரின் தேவை இரண்டுதான்: மணி அடிக்க வேண்டும், கதைக்க முடிய வேண்டும். வீட்டில் இப்போது இருப்பது ஃபைபர் இணைப்பு. அதன் பெட்டியின் பின்பக்கம் தொலைபேசிக்கு ஒரு சாக்கெட் உண்டு.

இதற்கு முன் பார்த்த ஒருவர் சொன்ன முடிவு: மணிக் கொயில் (மணி நாக்கை ஆட்டும் கம்பிச் சுருள்) எரிந்துவிட்டது, சர்க்கிட் செத்துவிட்டது, உள்ளே உள்ளதை வழித்தெடுத்துவிட்டு மலிவான பட்டன் போன் ஒன்றின் போர்டை வைத்துவிடலாம். இப்படித்தான் நல்ல கருவிகள் வெறும் கூடாகின்றன. இந்தக் கருவியில் எரிந்த பாகம் ஒன்றுகூட இல்லை என்பது மீட்டரை வைத்துப் பார்த்த அரை மணித்தியாலத்தில் தெரிந்தது.

கை வைப்பதற்கு முன் அளந்தவை

துடைப்பதற்கு முன் அளக்க வேண்டும். முதலில் துடைத்துவிட்டால் எந்த அழுக்கு எந்தக் கோளாறைத் தந்தது என்பது தெரியாமல் போகும். லைன் கயிற்றைச் சுவரில் இருந்து கழற்றி, உறையைத் திறந்து, உள்ளே உள்ள ஒவ்வொரு வயரும் எந்த முனையில் பூட்டியிருக்கிறது என்று நான்கு பக்கத்தில் இருந்தும் படம் எடுத்த பிறகே ஸ்க்ரூ டிரைவரை எடுக்க வேண்டும்.

லைன் கயிற்றில் நான்கு வயர்: சிவப்பு, வெள்ளை, நீலம், பச்சை. நுனியில் யாரோ ஆர்ஜே11 என்ற சிறிய தொலைபேசி பிளக் ஒன்றை நெரித்துப் பூட்டியிருந்தார்கள். நடுவில் உள்ள இரண்டு ஊசிகளில் சிவப்பும் பச்சையும். அமெரிக்க முறையில் லைன் என்பது சிவப்பும் பச்சையும்தான், கடைகளில் விற்கும் சாதாரண டெலிபோன் வயரும் அப்படியே. ஆனால் இந்தப் பிரித்தானியக் கயிற்றில் லைன் என்பது சிவப்பும் வெள்ளையும். பச்சை எர்த்துக்கு உரியது, நீலம் மணிக்கு. பச்சை இந்தக் கருவிக்குள்ளே எங்கும் போய்ச் சேரவில்லை. ஆகவே லைன் ஒரு காலில் நின்றது. ‘சர்க்கிட் செத்துவிட்டது’ என்ற முடிவு பிறந்த இடம் இதுதான்.

ரிசீவரைத் தூக்கி வைத்து சிவப்புக்கும் வெள்ளைக்கும் இடையே அளந்தபோது மீட்டர் 300 ஓம் சுற்றி ஆடியது. வாய்ப்பகுதியை விரலால் தட்டினால் அந்த எண் ஏறி இறங்கியது. அதாவது பேச்சுச் சுற்று உயிரோடு இருக்கிறது. மணியின் இரண்டு கொயிலையும் தொடராக அளந்தபோது கிட்டத்தட்ட 1,000 ஓம். அதுவே இந்த வகை மணிக்கு உரிய அளவு. எரிந்த கொயில் எல்லையற்ற தடையைக் காட்டும், உள்ளே சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போன கொயில் மிகக் குறைவாகக் காட்டும். இது இரண்டும் இல்லை.

பிறகு ஒரு சிறிய சோதனை. இதற்கு முள் உள்ள பழைய மீட்டர்தான் நல்லது. ரிசீவரைத் தொட்டிலில் வைத்துவிட்டு, பெரிய ஓம் அளவில் லைனின் இரண்டு வயரையும் தொட வேண்டும். இரண்டு வயரில் ஓடும் சாதாரணக் கருவியானால் முள் ஒரு துள்ளுத் துள்ளி மெதுவாகத் திரும்பி விழும். மணியோடு தொடராக உள்ள கெப்பாசிட்டர் (மின்னைச் சேமிக்கும் பாகம்) நிரம்புவதைத்தான் அந்தத் துள்ளல் காட்டுகிறது. இந்தக் கருவியில் முள் அசையவே இல்லை.

மணி ஏன் ஊமையாயிற்று

1981இல் பிரித்தானியாவில் வீட்டுத் தொலைபேசிகள் பிளக், சாக்கெட் முறைக்கு மாறின. அதுவரை ஒவ்வொரு கருவிக்குள்ளும் மணிக்காக வேலை செய்த கெப்பாசிட்டரின் பொறுப்பு சுவரில் உள்ள முதல் சாக்கெட்டுக்குப் போயிற்று. 1.8 மைக்ரோஃபரட் கெப்பாசிட்டர் ஒன்று அந்தச் சாக்கெட்டுக்குள் இருக்கும். அங்கிருந்து மூன்றாவது வயர் ஒன்று மணிக்கு வரும். பழைய 746களையும் அதற்கேற்ப உள்ளே இணைப்புகளை மாற்றி, நீல வயரை மணிக்குக் கொடுத்தார்கள். ஒரே லைனில் நான்கு கருவிகள் வரை மணி அடிக்க வேண்டும் என்பதால் 1,000 ஓம் மணியோடு 3.3 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றையும் தொடராகச் சேர்த்தார்கள்.

கொழும்பில் சுவரில் இருப்பது இரண்டு வயர். அதில் அந்தக் கெப்பாசிட்டரும் இல்லை, மூன்றாவது வயரும் இல்லை. ஆகவே லண்டனில் இருந்து வரும் மாற்றிய கருவி இங்கே கதைக்கும், டயல் செய்யும், மணி மட்டும் அடிக்காது. மணி அடிக்காவிட்டால் ‘கொயில் எரிந்தது’ என்று சொல்வது சுலபம். இதே வகைக் கருவி மாற்றப்படாமல் பழைய இரண்டு வயர் இணைப்போடே வந்திருந்தால் இந்தச் சிக்கல் வராது. அதனால்தான் கருவி எங்கே, எந்தக் காலத்தில் கடைசியாக வேலை செய்தது என்று முதலில் கேட்பது பயனுள்ளது.

கெப்பாசிட்டரை எங்கே வைப்பது என்பதை நிறத்தைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டாம். முன்பு கை வைத்தவர் நிறங்களை மாற்றிப் பூட்டியிருக்கலாம். மீட்டரே வழி சொல்லும். ரிசீவர் தொட்டிலில் இருக்க, நீல வயரின் முனைக்கும் லைன் முனை ஒவ்வொன்றுக்கும் இடையே அளக்க வேண்டும். ஒன்றில் 4.3 கிலோ ஓம் வந்தது: மணியின் 1,000, ரெசிஸ்டரின் 3,300. மற்றதில் எல்லையற்றது. எல்லையற்றது என்று காட்டிய அந்த லைன் முனைக்கும் நீல முனைக்கும் இடையே புதிய கெப்பாசிட்டர் போகும். தவறிப்போய் 4.3 கிலோ ஓம் காட்டிய பக்கம் வைத்தால் அது மணிக்குக் குறுக்கே நிற்குமே தவிர மணியை லைனோடு சேர்க்காது.

1.8 மைக்ரோஃபரட் அளவு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கேட்ட உடனே கிடைப்பது குறைவு. 2.2 மைக்ரோஃபரட் தாராளமாகக் கிடைக்கும், அதுவே போதும். 25 ஹெர்ட்ஸ் மணி மின்னோட்டத்துக்கு 1.8 தரும் எதிர்ப்பு சுமார் 3,500 ஓம், 2.2 தருவது சுமார் 2,900 ஓம். மணி சற்றே பலமாக அடிக்கும், அவ்வளவுதான். வோல்டேஜ் அளவில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. லைனில் 50 வோல்ட் நேரோட்ட மின் (டிசி), அதன் மேல் 75 வோல்ட் மணி மின்னோட்டம். 75இன் உச்சம் 106, இரண்டும் சேர்ந்தால் 156 வோல்ட். ஆகவே 250 வோல்ட்டுக்குக் குறையாத பிளாஸ்டிக் ஃபில்ம் கெப்பாசிட்டர் வேண்டும். எலெக்ட்ரோலிட்டிக் வகை வேண்டவே வேண்டாம். மணி மின்னோட்டம் இரண்டு பக்கமும் மாறி மாறி ஓடுவது, அந்த வகைக்கு அது ஒத்துவராது.

746இன் முனைகள் திருகாணி வகை. எனவே அங்கே ஈயம் பிடிக்கத் தேவையில்லை. கெப்பாசிட்டரின் இரண்டு காலிலும் சிறிய வயர் நீட்டி, நுனியில் ஸ்பேட் முனை நெரித்து, வெறும் கம்பி வெளியே தெரியாதபடி சுருங்கும் குழாய் போட்டு, திருகாணிக்குக் கீழே பூட்டினால் போதும். உள்ளே ஏற்கெனவே உள்ள இணைப்புகளை 1981க்கு முந்திய முறைக்குத் திருப்பியும் இதே வேலையைச் செய்யலாம், அது இன்னும் சுத்தமானது. ஆனால் அடியில் ஒட்டிய சர்க்கிட் படம் வாசிக்கக்கூடிய நிலையில் இல்லாவிட்டால் அதில் இறங்குவது சரியல்ல. இந்தக் கருவியின் படத்தைப் பூச்சி அரித்திருந்தது. வெளியிலிருந்து ஒரு கெப்பாசிட்டர் சேர்ப்பது நாளைக்கு இரண்டு திருகாணியைத் தளர்த்தி எடுத்துவிடக்கூடிய மாற்றம் என்பதால் அதையே தெரிந்தெடுத்தோம்.

இங்கே இந்த ஒரு கருவிதான் லைனில் இருக்கப் போகிறது. ஆகவே 3.3 கிலோ ஓம் ரெசிஸ்டரைத் தாண்டி ஒரு இணைப்பு வயர் போட்டோம், ரெசிஸ்டரைக் கழற்றி எறியவில்லை. ஃபைபர் பெட்டிகள் தரும் மணி மின்னோட்டம் பழைய எக்ஸ்சேஞ்சுகளைப் போல வலுவானதல்ல. அந்தத் தடை இருந்தால் மணி நாக்கு கிண்ணத்தைத் தொட்டும் தொடாமலும் முனகும்.

இதற்கிடையே இன்னொரு தடை. இரண்டு மணிக் கிண்ணங்களுக்கும் நடுவே, நாக்கு ஆட வேண்டிய இடத்தில், குளவி கட்டிய மண்கூடு ஒன்று கெட்டியாக அமர்ந்திருந்தது. சுண்டுவிரல் நுனியளவு. காய்ந்த மண்ணை இரும்பால் நெம்பினால் தூள் டயலுக்குள் போகும். நீரில் தோய்த்த பஞ்சை அதன் மேல் பத்து நிமிடம் வைத்து ஊறவிட்டு, பல்குத்தும் குச்சியால் துண்டு துண்டாக எடுத்தோம். மணிக் கிண்ணத்தின் துளை சரி நடுவில் இருப்பதில்லை. திருகாணியைத் தளர்த்திக் கிண்ணத்தைச் சுழற்றினால் நாக்குக்கும் கிண்ணத்துக்கும் உள்ள இடைவெளி கூடிக் குறையும். நாக்கு ஒரு பக்கம் ஓய்ந்து நிற்கும்போது அந்தப் பக்கக் கிண்ணத்தைத் தொடாமல், ஒரு தடித்த அட்டையின் அளவு விலகி நின்றால் ஒலி தெளியும். தொட்டுக்கொண்டு நின்றால் மணி மரத்தில் தட்டுவது போலக் கேட்கும்.

டயல்

இந்த வேலையில் அதிக நேரம் கேட்டது டயல்தான், கேட்க வேண்டியதும் அதுதான். சுழல்டயல் ஒரு எண்ணை அனுப்புவது லைனை அத்தனை தடவை வெட்டுவதன் மூலம். 1க்கு ஒரு வெட்டு, 0க்கு பத்து. சரியான வேகம் வினாடிக்கு 10 வெட்டு. பிரித்தானிய டயலில் ஒவ்வொரு வெட்டிலும் லைன் திறந்திருப்பது ஏறத்தாழ 67 மில்லிசெக்கன், மூடியிருப்பது 33.

வேகத்தைக் காதால் மதிப்பிட முடியாது. ஒரு 1.5 வோல்ட் பெட்டரி, 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், டயலின் வெட்டும் தொடுகை ஆகிய நான்கையும் தொடராக இணைத்து, 1 கிலோ ஓமின் இரு நுனியில் இருந்து கணினியின் ஒலி உள்ளீட்டுக்குக் கொடுத்தால், 0.14 வோல்ட்தான் போகும், கணினிக்கு ஆபத்தில்லை. ஒலியைப் பதியும் எந்த மென்பொருளிலும் 0 டயல் செய்தால் ஒவ்வொரு வெட்டும் ஒரு கூரிய முள்ளாகத் தெரியும். முதலாவது வெட்டின் தொடக்கத்தில் இருந்து பத்தாவது வெட்டின் தொடக்கம் வரை ஒன்பது இடைவெளி. டயல் சரியாக இருந்தால் அது 0.9 வினாடி. இந்த டயலில் 1.18 வினாடி, அதாவது வினாடிக்கு 7.6.

காரணம் காய்ந்து பசையான பழைய எண்ணெய். அதில் வெள்ளவத்தையின் உப்புக் காற்றும் தூசியும் சேர்ந்து பழுப்பு அரக்காகியிருந்தது. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். கையில் கிடைக்கும் ஸ்ப்ரே எண்ணெயை டயலுக்குள் அடிப்பார்கள். டயல் உடனே ஓடும், அடுத்த மாதம் முன்பிலும் மோசமாக நிற்கும். அதைவிடக் கேடு, கவர்னர் கிண்ணத்துக்குள் எண்ணெய் போய்விடும். கவர்னர் என்பது சுழலும்போது வெளியே விரியும் இரண்டு சிறு எடைகள். அவை கிண்ணத்தின் உள்சுவரில் உரசித்தான் வேகத்தைக் கட்டுப்படுத்துகின்றன. உரச வேண்டிய இடம் வழுக்கினால் டயல் பாய்ந்து ஓடும்.

செய்த முறை: நடுவில் உள்ள சிட்டை வளையத்தை எடுத்து, கீழே உள்ள திருகாணியைக் கழற்றி, விரல் தகட்டை எடுத்தோம். மெயின் ஸ்பிரிங்கைத் தளர விடாமல் டயலை ஓய்வு நிலையிலேயே வைத்திருக்க வேண்டும். பல் சக்கரங்களின் அச்சுகளையும் கவர்னர் அச்சையும் ஐசோபுரோபைல் அல்கஹோல் தோய்த்த நுண்ணிய தூரிகையால் பழுப்பு வராத வரை துடைத்து, ஒரு நாள் உலர விட்டோம். அதன்பின் ஒவ்வொரு அச்சுத் துளைக்கும் ஊசி நுனியில் எடுத்த கடிகார எண்ணெய், ஒரு துளிக்கும் குறைவாக. கவர்னர் கிண்ணத்துக்கு எதுவும் இல்லை. மீண்டும் அளந்தபோது 0.91 வினாடி, அதாவது வினாடிக்கு 9.9. கவர்னரை வளைக்கவோ இழுக்கவோ தேவைப்படவில்லை. சுத்தம் செய்வதற்கு முன் கவர்னரைச் சரிக்கட்டுபவர் அழுக்குக்கு ஏற்றபடி டயலைக் கெடுக்கிறார்.

விரல் தகடு ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். அதில் அல்கஹோல் பட்டால் மயிரிழை போன்ற வெடிப்புகள் பரவக்கூடும், திரும்ப மறையாது. அதற்கு இளஞ்சூட்டு நீரும் சவர்க்காரமும் மட்டும்.

டயலைச் சுற்றும்போது காதில் டக் டக் என்று கேட்காமல் இருக்க, டயல் ஓய்வை விட்டு நகர்ந்த உடனே பேச்சுச் சுற்றைக் குறுக்கி ஊமையாக்கும் தொடுகைத் தகடுகள் உண்டு. இந்தக் கருவியில் அவற்றில் ஒரு சோடி, டயல் திரும்பி வந்த பின்னும் பிரியாமல் பச்சைக் களிம்பால் ஒட்டிக்கொண்டு நின்றது. விளைவு: முதல் எண்ணைச் சுற்றியதும் காது செத்துவிடும். தொடுகைகளுக்கு மண்கடதாசி கூடாது. மேலே உள்ள பூச்சு உரிந்தால் உள்ளே உள்ள உலோகம் இந்தக் காற்றில் சில மாதத்தில் கறுக்கும். அல்கஹோலில் நனைத்த வெள்ளைக் கடதாசிக் கீலம் ஒன்றைத் தொடுகைக்கு நடுவே வைத்து, தகட்டை மெல்ல அமர்த்தி, இழுக்க வேண்டும். கீலம் கறுப்பில்லாமல் வரும்வரை. இங்கே ஏழாவது கீலம் வெள்ளையாக வந்தது. தொட்டிலின் சுவிட்ச் தொடுகைகளுக்கும் இதே முறை.

கயிறு, பேசும் பகுதி, உறை

லைன் கயிற்றின் மேற்தோல் கையில் ஒட்டியது. உறையில் அது கிடந்த இடத்தில் பிளாஸ்டிக் உருகி ஒரு பள்ளம் விழுந்திருந்தது. பழைய பிவிசியில் இருந்து கசியும் மென்மையாக்கிதான் காரணம். நுனியை வெட்டிப் பார்த்தால் செம்பு உள்ளேயும் பச்சை. இப்படிப்பட்ட வயரில் ஈயமும் பிடிக்காது, நெரித்த முனையும் நிற்காது. ஆகவே 3 மீற்றர் புதிய இரண்டு வயர்க் கயிறு, நுனியில் ஆர்ஜே11, நடு ஊசிகள் இரண்டிலும் லைன். உறைக்குள் நுழையும் இடத்தில் பழைய பிடிமானக் கொளுவியில் கயிற்றை மாட்டாமல் விட்டால் முதல் இழுவையிலேயே முனைகள் கழன்றுவிடும். ரிசீவரின் சுருள் கயிறு நல்ல நிலையில் இருந்ததால் அதை மாற்றவில்லை.

வாய்ப்பகுதிக்குள் இருப்பது கரித்தூள் கெப்சூல். ஈரத்தில் தூள் கட்டிபிடித்தால் குரல் கிணற்றுக்குள் இருந்து வருவது போலப் போகும். கெப்சூலை எடுத்து, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் இரண்டு நாள் வைத்து, மேசை ஓரத்தில் மெதுவாகத் தட்டிய பின் குரல் தெளிந்தது. ஃபைபர் பெட்டிகள் கொடுக்கும் மின்னோட்டம் பெரும்பாலும் 20 மில்லியாம்பியர் அளவுதான், ஆகவே பழைய லைனில் கேட்ட முழுக் கனம் வராது. அது கருவியின் பிழையல்ல.

உறை ஏபிஎஸ் பிளாஸ்டிக். யன்னல் பக்கம் மஞ்சளாகவும் சுவர்ப் பக்கம் பழைய நிறத்திலும் இருந்தது. 12 வீத ஹைட்ரஜன் பெரொக்சைட் கிரீம் பூசி வெயிலில் வைத்து வெளுக்க வைப்பவர்கள் உண்டு. கொழும்பு வெயிலில் கிரீம் ஒரு பக்கம் முந்திக் காய்ந்து கோடு கோடாக வெளுக்கும், மெல்லிய உறை வளைந்தும் போகும். சவர்க்கார நீரில் கழுவி, பள்ளத்தை மட்டும் 1500, பிறகு 2000 இலக்க நீர்த் தாளால் தேய்த்து, பிளாஸ்டிக் பொலிஷ் போட்டதோடு விட்டோம். மஞ்சள் அப்படியே இருக்கிறது. அடியில் இருந்த நான்கு ரப்பர்க் காலும் தாராக உருகியிருந்தன. அவற்றைச் சுரண்டி எடுத்துப் புதிய கால் ஒட்டாமல் வைத்தால் தேக்கு மேசையில் கறுப்பு வட்டம் நிரந்தரமாகிவிடும்.

ஃபைபர் பெட்டியில் மாட்டிய பின்

எல்லாப் பெட்டியும் சுழல்டயலின் வெட்டுகளைப் புரிந்துகொள்ளாது. சோதிப்பது சுலபம். ரிசீவரைத் தூக்கி, டயல் டோன் கேட்கும்போது ஏதாவது ஒரு எண்ணைச் சுற்ற வேண்டும். டோன் நின்றால் பெட்டி எண்ணை எடுத்துக்கொண்டது. டோன் தொடர்ந்து கேட்டால் அது பட்டன் டோனை மட்டும் எதிர்பார்க்கிறது. அப்போது வெட்டுகளை டோனாக மாற்றும் சிறு பெட்டி ஒன்றைக் கருவிக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் வைக்கலாம், அல்லது ரொட்டாடோன் போன்ற சிறு போர்டைக் கருவிக்குள்ளே சேர்க்கலாம். இணையத் தொலைபேசிக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு கிராண்ட்ஸ்ட்ரீமின் எச்டி802 போன்ற பெட்டிகளில் பல்ஸ் டயலிங்கை, அதாவது வெட்டுகளால் எண் அனுப்பும் முறையை, இயக்கும் அமைப்பு உண்டு.

இந்த வீட்டுப் பெட்டி வெட்டுகளை ஏற்றது. டயலைத் துடைப்பதற்கு முன் இதே பெட்டியில் லைன் வயர்களை மட்டும் சரிசெய்து மாட்டிப் பார்த்தபோது எண்கள் குழம்பின, 7.6 வேகத்தில் அது சிலவற்றைப் பிரித்து எண்ணியது. 9.9இல் பத்து இலக்கக் கைபேசி எண் பன்னிரண்டு தடவையும் சரியாகப் போனது. 077 என்ற முதல் மூன்று இலக்கத்துக்கு மட்டும் 24 வெட்டு, 2.4 வினாடி. விரலைச் சுற்றும் நேரம் தனி.

முதல் சோதனையில் ஒரு சிறு குறை தெரிந்தது. டயல் செய்யும்போது மணி மெல்ல டிங் டிங் என்றது. வெட்டுகளும் மணிக்குப் போவதால் வருவது இது. மணியின் இரண்டு வயரையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் பூட்டியதும் நின்றது. நிற்காவிட்டால் நாக்கை ஒரு பக்கம் இழுத்துப் பிடிக்கும் மெல்லிய ஸ்பிரிங்கை ஒரு படி இறுக்க வேண்டும். மணி அடிக்கும்போது திறந்த முனைகளில் கை படக்கூடாது, அந்த 75 வோல்ட் விரலை உதறவைக்கும். உறையை மூடிய பிறகே வெளியில் இருந்து அழைத்துப் பார்க்க வேண்டும்.

வங்கி, வைத்தியசாலை இலக்கங்களில் ‘ஒன்றை அழுத்தவும்’ என்று கேட்கும் இடத்தில் இந்த டயல் உதவாது என்பதை வீட்டுக்காரருக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். டோனாக மாற்றும் பெட்டி வைத்தால் அதுவும் தீரும், இவர் வேண்டாம் என்றார்.

கருவி இப்போது யன்னலை விட்டு உள்சுவர்ப் பக்கம் இருக்கிறது. உறைக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம். கயிறு நுழையும் துளையைச் சுற்றிக் குளவி புகாதபடி மெல்லிய பஞ்சுத் துண்டு. பழைய நான்கு வயர்க் கயிற்றின் நல்ல பகுதியும் கழற்றிய ஆர்ஜே11 பிளக்கும், எந்த முனையில் எந்த நிறம் பூட்டப்பட்டது என்ற ஒரு தாளோடு, சிறு பையில் போட்டு அடித்தட்டின் உள்பக்கம் கட்டப்பட்டுள்ளன. இணைப்பு வயரும் கெப்பாசிட்டரும் பின்னர் சேர்த்தவை என்பதும் அதே தாளில் எழுதப்பட்டிருக்கிறது.